ஆங்கிலத்து ‘புட்சர்’, போலிஷ் ‘ஜெஷ்னிக்’: ரெண்டும் ஒரே ஆள்தானா?

அடிவரிக்காரன்:

ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழ் அடிவரி போட்டுக்கொண்டிருக்கிறேன். போர்க்கால வார்சாவைப் பற்றியது. பேச்செல்லாம் போலிஷ்; என் கையில் இருப்பது ஆங்கில அடிவரி. அதில் ‘புட்சர்’ திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பாட்டி தன் அப்பாவின் தொழிலைச் சொல்கிறார்: புட்சர். ஒரு நாஜி அதிகாரியைப் பற்றிப் பேசுகிறார்கள்: புட்சர். காலை வெட்டிய ராணுவ டாக்டரை ஒருவர் திட்டுகிறார்: அதுவும் புட்சர்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் போலிஷில் மூன்றும் வேறு வேறு சொல். பாட்டி சொல்வது ‘மஸாஷ்’. அதிகாரி ‘காத்’. டாக்டர் மட்டும்தான் ‘ஜெஷ்னிக்’. அகராதியோ புட்சர் என்றால் ஜெஷ்னிக் என்று ஒரே வார்த்தையில் கையைக் கழுவிவிட்டது.

போலந்தில் இருக்கும் நம் ஆட்களோ சொல்வரலாறு தெரிந்தவர்களோ கொஞ்சம் விளக்குங்கள். எல்லா இடத்திலும் ‘கசாப்புக்காரன்’ என்று போட்டு நிரப்ப எனக்கு மனசு வரவில்லை.

கிராகோவ் குமரன்:

மஸாஷ் என்றால் கறியைப் பதம் பண்ணுகிற ஆள். கியெல்பாசா (கறி அடைத்த குடல்), ஹாம், புகை போட்ட பன்றி நெஞ்சு, இதெல்லாம் செய்பவர். ஜெஷ்னிக் அறுப்பவர், வெட்டுபவர். நகரத்தில் இவை தனித்தனித் தொழில். கிராமத்தில் ஒரே மனிதர் காலையில் ஜெஷ்னிக், சாயங்காலம் மஸாஷ்.

என் மாமியார் ஊர் தர்னூஃப் பக்கம். கிறிஸ்துமசுக்கு முன்னால் சில வீடுகளில் இன்னும் பன்றி அறுப்பார்கள். அறுக்கிற ஆளைச் சொல்லி வைத்து வரவழைப்பார்கள். அறுத்ததும் ரத்தத்தைப் பாத்திரத்தில் பிடிப்பார்கள். வீட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து, அது கட்டியாகாமல் கையாலேயே கிளறிக்கொண்டிருப்பாள். கொதிநீர் ஊற்றி, மணி மாதிரி வாய் விரிந்த தகரத்தால் மயிரைச் சுரண்டுவார்கள். அப்புறம் ஏணியில் கட்டி நிமிர்த்தி வைத்து வயிற்றைத் திறப்பது. முதலில் எடுக்கும் துண்டு கால்நடை மருத்துவரிடம் போகும், புழு இருக்கிறதா என்று பார்க்க. அங்கிருந்து ‘சரி’ என்று வரும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் மஸாஷ் வேலை: ரத்தம், பக்வீட் நொய், ஈரல், மர்ஜோரம் எல்லாம் சேர்த்துக் குடலில் அடைத்து ‘காஷான்கா’.

பாட்டி மஸாஷ் என்று சொன்னால், அவர் அப்பாவிடம் புகைக்கூண்டும் குடலும் மசாலாவும் இருந்தன என்று அர்த்தம். ‘கசாப்பு’ என்று போட்டால் அந்த வாசனையே போய்விடும்.

கறிக்கடைப் பேரன்:

இதைப் படித்ததும் பசிக்குது. ரத்தப் பொரியல் செய்யுற நம்ம ஊர்க்காரனுக்கு காஷான்கா ஒண்ணும் புதுசு இல்ல.

மொழிப்பித்தன்:

நல்ல கேள்வி. வேரிலிருந்து வருகிறேன்.

ஆங்கிலத்து புட்சர் ஆங்கிலச் சொல்லே அல்ல. நார்மன் காலத்துக்குப் பின் பிரெஞ்சு ‘பூஷே’யிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குள் இருப்பது ‘பொக்’, அதாவது கிடா. ஆதியில் புட்சர் என்றால் கிடா வெட்டுகிறவர், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கு ஓர் ஆங்கிலேயனுக்கு புட்சர் என்ற ஒலியில் ஆடும் கேட்காது, கத்தியும் கேட்காது. வேர் செத்துப்போன சொல். தெருமுனைக் கடைக்காரரின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. நம்மிடம் ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும் என்று ஒரு பழமொழி. இங்கே ஆடு கசாப்புக்காரன் பெயருக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது.

போலிஷில் கதை நேர்மாறு. ஜெஷ்னிக்கின் வேர் ‘வெட்டு, அறு’. அதே வேரில் இருந்து ‘ஜெஷ்’ என்றால் படுகொலை. ‘ஜெஷ்னியா’ என்றால் அறுப்புக்கூடம், நம்ம ஆட்டுத்தொட்டி மாதிரி. ஒரு போலந்துக்காரன் கறி வெட்டுபவரைக் கூப்பிடும்போதே அந்தச் சொல்லுக்குள் படுகொலை உட்கார்ந்திருக்கிறது. காது பழகிவிட்டதால் தினமும் கவனிக்க மாட்டான். கோபத்தில் சொல்லும்போது அது எழுந்து நிற்கும்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம். அதே வேரில்தான் ‘ஜெஷ்பா’, சிற்பம். ‘ஜெஷ்பியாஷ்’, சிற்பி. சதையை வெட்டினால் ஜெஷ்னிக், கல்லையும் மரத்தையும் வெட்டினால் ஜெஷ்பியாஷ்.

வ்ரோத்ஸ்வாஃப் வாணி:

மொழிப்பித்தன் ஐயா, இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர்த் தெரு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ‘ஸ்டாரே யாத்கி’, பழைய கறிக்கடைகள் என்று ஒரு சந்து. யாத்கா என்றால் கறி வெட்டி விற்கும் பெட்டிக்கடை, யாத்கி பன்மை. இடைக்காலத்தில் இருந்து வரிசையாகக் கறிக்கடைகள் இருந்த இடம். இப்போது இரண்டு பக்கமும் ஓவியக் கூடங்கள், கண்ணாடிப் பொருள், மண்பாண்டம் விற்கும் கடைகள். ஜெஷ்னிக் காலி செய்த இடத்தில் ஜெஷ்பியாஷ் குடிவந்திருக்கிறார்!

சந்தின் வாசலில் வெண்கலத்தில் பன்றி, வெள்ளாடு, வாத்து, முயல் எல்லாம் வரிசையாக நிற்கும். 1997இல் வைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி ஏறிப் பன்றி முதுகு பளபளவென்று ஆகிவிட்டது. பக்கத்தில் ஒரு பலகை: ‘அறுப்புக்கான விலங்குகளின் நினைவைப் போற்றி — நுகர்வோர்’. சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியாத வாசகம். போலந்துக்காரர்களின் நகைச்சுவை இப்படித்தான், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

இன்னொன்று. ‘யாத்கா’ என்ற சொல்லையே போலிஷில் ரத்தக்களரிக்கும் சொல்வார்கள். கால்பந்து ரசிகர்கள் அடித்துக்கொண்டால் மறுநாள் செய்தியில் யாத்கா.

நல்லூர் அக்கா, லண்டன்:

வாணி, இது இங்கிலாந்திலும் அப்படியே நடந்திருக்குது! யார்க் நகரத்திலே ‘ஷாம்பிள்ஸ்’ என்று ஒரு ஒடுங்கின தெரு. இரண்டு பக்கத்து மாடிகளும் ஒன்றை ஒன்று இடிக்கிற மாதிரிச் சாய்ஞ்சு நிக்கும். அது முழுக்க இறைச்சிக்கடைத் தெரு. இப்பவும் சில கடைகளுக்கு வெளியிலே இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகளும், வெட்டி அடுக்கி வைச்ச அகலமான ஜன்னல் பலகைகளும் அப்படியே இருக்கு. உள்ளே விக்கிறது என்னவோ சாக்லேட்டும் மந்திரவாதித் தொப்பியும்.

ஷாம்பிள் என்றால் முதலில் வெறும் மரப் பலகை, ஸ்டூல். பிறகு இறைச்சி வைச்சு விக்கிற பலகை. பிறகு அறுப்புக்கூடம். பிறகு ரத்தக்களரி. இன்றைக்கு என்ன அர்த்தம் தெரியுமோ? அலங்கோலம். மகனின்ர அறையைப் பார்த்தால் ஷாம்பிள்ஸ். ரயில் நேரத்துக்கு வரவில்லை என்றால் ரயில்வே ஷாம்பிள்ஸ். ஒருவருக்கும் ரத்தம் ஞாபகம் வராது.

அந்தத் தெருவில் ஒரு இறைச்சிக்கடைக்காரரின் மனைவி, மார்கரெட் கிளித்ரோ என்று பெயர், அவருக்கு ஒரு கோயில் மாதிரி வைச்சிருக்கினம். கத்தோலிக்கப் பாதிரிகளை ஒளிச்சு வைச்ச வழக்கில் 1586இல் பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். 1970இல் புனிதர் ஆக்கினார்கள். அறுத்தவரின் பெண்சாதி புனிதர். அவரைக் கொன்றது நீதிமன்றம்.

மொழிப்பித்தன்:

அக்கா, அருமை. யாத்கா ரத்தத்தோடு நின்றுவிட்டது. ஷாம்பிள்ஸ் அதையும் தாண்டி அலங்கோலத்துக்குப் போய்விட்டது. இதுதான் இரண்டு மொழிக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைக்கிறேன். ஆங்கிலம் ரத்தத்தைக் கழுவிவிட்டுச் சொல்லை மறுபடி புழக்கத்தில் விடுகிறது. போலிஷ் கழுவுவதில்லை.

புட்சர் வினையாக வரும் இடங்களைப் பாருங்கள். பாட்டை புட்சர் பண்ணினான், பெயரை உச்சரிக்கத் தெரியாமல் புட்சர் பண்ணினான். இந்த இடங்களில் உயிர் போவதில்லை, சொதப்பல் மட்டும்தான். போலிஷில் ஜெஷ்னிக்கை இப்படிப் பாட்டுக்கும் பேச்சுக்கும் இழுத்துப் பார்த்தால் ஒட்டாது.

கிராகோவ் குமரன்:

முழுக்க ஒட்டாது என்று சொல்ல முடியாது. அதே வேரில் ‘ஸார்ஷ்னோன்ச்’ என்று ஒரு வினை. கழுத்தை அறுப்பது. வண்டி எஞ்சினை எண்ணெய் பார்க்காமல் ஓட்டிச் சாகடித்தால் அந்த வினைதான். நல்ல நாடகத்தை மோசமான இயக்குநர் கையில் கொடுத்தாலும் அதேதான். மொழியைக் கெடுத்துப் பேசுவதற்கு மட்டும் வேறு: ‘கலேச்சிச்’, காயப்படுத்துவது, ஊனமாக்குவது. நான் முதல் வருடம் போலிஷ் பேசியதற்கு இந்தச் சொல்தான் பொருத்தம் என்று என் மனைவி சொல்வாள்.

நாம் தமிழ்க் கொலை என்கிறோம். ஒப்பிட்டால் போலந்துக்காரன் கருணையுள்ளவன்; காயத்தோடு விட்டுவிடுகிறான்.

கறிக்கடைப் பேரன்:

எல்லாரும் நல்லா ஆராய்ச்சி பண்றீங்க. ஒரு விஷயம் கேட்கணும். எங்க தாத்தா காலத்திலிருந்து கறிக்கடைதான். மோசமா செய்த வேலைக்கெல்லாம் ஏன் எங்க தொழில் பேரை வைக்கிறாங்க? தொழில் தெரிஞ்சவன் ஆட்டை உரிச்சா தோலில் ஒரு கீறல் இருக்காது. மூட்டுக்கு மூட்டு கத்தி முனை தானா இறங்கும்; எலும்பைப் போட்டு அடிக்கிறவன் தொழில் தெரியாதவன். தொடையைத் திருப்பி, இடுப்பு மூட்டில் ஒரு கோடு போட்டு, லேசா அமுக்கினா கழண்டு வரும். நெஞ்செலும்பு, சாப்ஸ், ஈரல், குடல், தலை, கால், எதுவும் வீணாகாது. இந்த வேலையைப் பார்த்தவன் பாட்டைக் கெடுத்தவனை புட்சர்னு சொல்லவே மாட்டான்.

டாக்டரைத் திட்ட எங்க பேரு. நாஜியைத் திட்ட எங்க பேரு. போங்கப்பா.

நல்லூர் அக்கா, லண்டன்:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கு. ஆங்கிலத்திலேயே அந்த வினைக்கு இரண்டு முகம். ஒரு மானை புட்சர் பண்ணினார் என்றால் ஒழுங்காகத் துண்டு போட்டார் என்று அர்த்தம். ஒரு பாட்டை புட்சர் பண்ணினார் என்றால் நாசமாக்கினார். ஒரே வினை, எதிரெதிர் தீர்ப்பு.

இங்கே புட்சரை மரியாதையாகத்தான் பார்க்கினம். தெருவில் நல்ல புட்சர் இருந்தால் வீட்டு விலையே ஏறும் என்று பகிடி. பரம்பரைப் பெயராகவும் இருக்கு. 2001இல் லீட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை வெளுத்து 173 ஓட்டம் ஆட்டமிழக்காமல் எடுத்தாரே மார்க் புட்சர், மறக்க ஏலுமோ?

அதோடு லண்டன் ஈஸ்ட் எண்ட் கதை ஒன்று. அங்கே ‘ஒரு புட்சர்ஸ் பார்’ என்றால் கொஞ்சம் எட்டிப் பார் என்று அர்த்தம். ‘லுக்’ (பார்) என்பதற்கு எதுகையாக ‘புட்சர்ஸ் ஹுக்’ (இறைச்சிக் கொக்கி). பிறகு ஹுக்கையே விழுங்கிவிட்டார்கள். வந்த புதிதில் ஒருவர் என்ர லாப்டாப்பைக் காட்டி இப்படிக் கேட்டார், எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

அடிவரிக்காரன்:

மார்க் புட்சர் இருக்கட்டும், நாஜிக்கு வாங்க. ‘காத்’ என்றால் என்ன?

கிராகோவ் குமரன்:

தண்டனை நிறைவேற்றுபவன். தூக்குப் போடுபவன், தலையை வெட்டுபவன். அரசாங்கச் சம்பளத்தில் கொல்கிறவன்.

போலந்துக்காரர்கள் தங்கள் போர்க்கால வரலாற்றைப் பேசும்போது பெரும்பாலும் காத் என்றுதான் சொல்கிறார்கள். ‘வார்சாவின் காத்’ என்று இரண்டு பேரைச் சொல்வார்கள். ஒருவன் ஃபிரான்ஸ் குச்சேரா, வார்சா வட்டாரத்தில் நாஜிகளின் எஸ்எஸ் படைக்கும் போலீசுக்கும் தலைவன். தெருவில் ஆட்களைச் சுற்றிவளைத்துப் பிடித்துப் பொது இடத்தில் வைத்துச் சுட்டான். சுடப்பட்டவர்களின் பெயரைச் சுவரொட்டியில் ஒட்டினார்கள். 1944 பிப்ரவரி 1ஆம் தேதி போலந்தின் தலைமறைவுப் படை இளைஞர்கள் அவனை நடுத்தெருவிலேயே சுட்டுக் கொன்றார்கள். இன்னொருவன் ஹைன்ஸ் ரைனஃபார்த். அதே ஆண்டு ஆகஸ்டில் நாஜிகளுக்கு எதிராக வார்சா எழுச்சி தொடங்கியதும் வோலா பகுதியில் சில நாட்களுக்குள் பல்லாயிரக்கணக்கான பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அங்கே படைக்குத் தலைமை இவன்தான்.

போர் முடிந்து இந்த ரைனஃபார்த் என்ன ஆனான் தெரியுமா? ஜெர்மனியின் சில்ட் தீவில் வெஸ்டர்லாண்ட் என்ற கடற்கரை ஊருக்கு மேயர். 1951இல். அப்புறம் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். ஒரு நீதிமன்றமும் அவனைத் தண்டிக்கவில்லை. 1979இல் வயதாகிச் செத்தான்.

இப்போது கவனியுங்கள். செய்தவன் காத். ஆனால் வோலாவில் நடந்த சம்பவத்தின் பெயர் ‘ஜெஷ் வோலி’. சம்பவத்துக்கு ஜெஷ் வரும், ஆளுக்குப் பெரும்பாலும் ஜெஷ்னிக் வராது.

மொழிப்பித்தன்:

ஜெஷ் என்பது அவர்களுடைய வரலாற்றில் பட்டியலே போடலாம். 1794 நவம்பரில் சுவோரோவின் ரஷ்யப் படை வார்சாவின் ஆற்றங்கரைப் புறநகரான ப்ராகாவில் புகுந்து செய்தது, ஜெஷ் ப்ராகி. (செக் தலைநகர் ப்ராக் அல்ல.) 1846இல், அப்போது ஆஸ்திரியாவின் கையில் இருந்த கலீசியாவில் குடியானவர்கள் பண்ணை மாளிகைகளைச் சூறையாடி நிலப்பிரபுக்களைக் கொன்றது, குமரனின் மாமியார் ஊர்ப் பக்கமான தர்னூஃப்தான் அதற்கு மையம். 1943இல், இன்று உக்ரைனில் இருக்கும் வொவின் பகுதியில் உக்ரைனிய தேசியவாதப் படையினர் போலந்துக் கிராமங்களை அழித்தது. இந்த மூன்றாவதற்கு மக்கள் வாயில் ஜெஷ்தான். வரலாற்றாய்வு நிறுவனங்கள் ‘குற்றம்’ என்ற சொல்லையே அதிகம் எழுதும். 2016இல் போலந்து நாடாளுமன்றம் அதை இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டது.

இப்படிப்பட்ட சொல் வீட்டுக்குள் இருக்கும்போது, கறி வெட்டுபவனின் பெயரை ஒரு நாஜிக்கு இரவல் கொடுக்க அவர்களுக்கு அவசியமே இல்லை.

வ்ரோத்ஸ்வாஃப் வாணி:

ஆனால் பத்திரிகையில் ‘லியோனின் ஜெஷ்னிக்’, ‘பால்கனின் ஜெஷ்னிக்’ என்றெல்லாம் நானே படித்திருக்கிறேனே. லியோனில் இருந்த நாஜி கிளவுஸ் பார்பி, போஸ்னியப் போரின் செர்பியத் தளபதி மிலாடிச் பற்றி.

கிராகோவ் குமரன்:

உண்டு. கவனித்தால் அவர்கள் பிற நாட்டுக்காரர்களைக் கொன்றவர்கள். வெளிநாட்டுச் செய்தியோடு பட்டப்பெயரும் மொழிபெயர்ப்பாக உள்ளே வந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். சொந்தக் காயத்துக்குச் சொந்தச் சொல்: காத்.

காத்திலிருந்தும் ஒரு வினை இருக்கிறது, ‘கதோவாச்’, சித்திரவதை செய்வது. இன்றைய பிள்ளைகள் ஒரே பாட்டை நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்பதற்கும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் பாட்டை புட்சர் பண்ணுகிறார்கள் என்றால், இங்கே பாட்டுக்கு காத் வருகிறான்.

பட்டம்பூச்சி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் பறவை பார்க்கிற ஆள். கீச்சானுக்கு ஆங்கிலத்தில் புட்சர் பேர்ட் என்று பெயர். பிடித்த வெட்டுக்கிளி, ஓணான் எல்லாவற்றையும் முள்ளில் குத்தித் தொங்கவிடும். அறிவியல் பெயரான ‘லேனியஸ்’ லத்தீனில் கசாப்புக்காரர்தான். போலிஷில்?

வ்ரோத்ஸ்வாஃப் வாணி:

‘ஜியெஷ்பா’. அதில் கறிக்கடை ஒன்றும் இல்லை. காதுக்கு ஜெஷ்பா மாதிரிக் கேட்கும், சிற்பத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பட்டம்பூச்சி:

கீச்சானும் சத்தத்தை வைத்து வந்த பெயர்தான். நாமும் அந்தப் பாவத்தில் சேரவில்லை. நன்றி, நான் கிளம்புகிறேன்.

கறிக்கடைப் பேரன்:

போலந்தில் கறிக்கடைப் பலகையில் என்ன எழுதியிருப்பாங்க? ஜெஷ்னிக் கடைன்னா?

கிராகோவ் குமரன்:

இல்லை தம்பி. ‘ஸ்க்லெப் மியென்ஸ்னி’, இறைச்சிக் கடை. பேச்சில் ‘மியென்ஸ்னி’ என்று சுருக்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் கடைக்கே ஆள் பெயர்தான், புட்சருடையது என்பார்கள். இங்கே கடைக்குப் பெயர் உண்டு, ஆளுக்கு இல்லை. அதற்கு ஒரு காரணம் கம்யூனிச ஆட்சி என்று எனக்குத் தோன்றுகிறது. கடை அரசாங்கத்துடையது. கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர் விற்பனைப் பெண். கறி அறுத்தவர் எங்கோ தொழிற்கூடத்தில்.

அந்த நாட்டில் கறி லேசுப்பட்ட விஷயமாக இருந்ததில்லை. 1959இல் திங்கள்கிழமை உணவகங்களில் கறி கிடையாது என்று ஆணை. 1965இல் வார்சாவின் கறிக் கடைகளை நிர்வகித்த ஸ்தனிஸ்வாஃப் வாவ்ஷெத்ஸ்கியை ஊழல் வழக்கில் தூக்கிலேயே போட்டார்கள். ஆளைக் கொன்றதற்கு இல்லை, கறிக்கு! 1970 டிசம்பரில் கறி விலையை ஏற்றியதும் க்தான்ஸ்க், க்தினியா, ஷ்செச்சின் துறைமுகங்களில் போராட்டம், துப்பாக்கிச் சூடு, சாவு. 1980 ஜூலையில் ஷ்வித்னிக் விமானத் தொழிற்சாலை கேண்டீனில் ஒரு கட்லெட் 10.20 ஸ்வோட்டியிலிருந்து 18.10 ஆனது, ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அடுத்த மாதம் க்தான்ஸ்க் கப்பல்தளத்தில் வேலைநிறுத்தம். அதில்தான் சாலிடாரிட்டி என்ற சுதந்திரத் தொழிற்சங்கம் பிறந்தது.

1981 ஏப்ரலிலிருந்து 1989 வரை கறிக்கு ரேஷன் கார்டு. சாதாரண ஊழியருக்கு மாதம் 2.5 கிலோ. என் மாமியார் சொல்வார்: விடியும் முன்பே வரிசையில் இடம் பிடித்தால், கதவு திறக்கும்போது வெள்ளை ஓடு பதித்த சுவரில் வெறும் கொக்கிகள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். கல்லாவுக்கு அடியிலிருந்து தெரிந்தவர்களுக்கு மட்டும் பொட்டலம் போகும். அப்புறம் கிராமத்திலிருந்து ஒரு பெண் பையில் கன்றுக்கறியை மறைத்துக்கொண்டு அடுக்குமாடி ஏறி வீடு வீடாகத் தட்டுவாள். ‘கன்றுக்கறிக்காரி’ என்று அவளுக்கே ஒரு பெயர். அந்தக் காலத்துப் போலந்துக்காரர் யாரைக் கேட்டாலும் முகம் மலர்ந்துவிடும்.

கறிக்கடைப் பேரன்:

இதுதான் வேணும். கறிக்காரிக்கு ஒரு கும்பிடு.

மொழிப்பித்தன்:

ஜெஷ்னிக்கின் சொந்தக்காரர்கள் இன்னும் இருவர் பாக்கி.

முதலாமவர் ‘ஜெஸாக்’. யூத முறைப்படி மந்திரம் சொல்லி அறுப்பவர். நம்ம ஊரில் ஹலால் அறுக்கிற பாயிடம்தான் வாங்குவோம் என்று சொல்பவர்களுக்கு இது புரியும். போருக்கு முன்னால் போலந்தின் யூத ஊர்களில் இவர் இல்லாமல் சனிக்கிழமைச் சாப்பாடு இல்லை. அமெரிக்காவில் யூதர்களிடம் உள்ள ‘ரெஸ்னிக்’ என்ற குடும்பப் பெயரும் இந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான். கிராகோவில் பழைய யூதப் பகுதியான காஜிமியெஷில் ஒரு சதுக்கத்தின் நடுவில் ஒரு வட்டக் கட்டடம் இருக்குமே, குமரன்?

கிராகோவ் குமரன்:

ஓக்ரோங்லாக். 1927இல் யூத சமூகம் அதை வாடகைக்கு எடுத்துக் கோழி அறுக்கும் இடமாக வைத்திருந்தது, போர் வரும்வரை. இப்போது சுற்றிலும் சின்னச் சின்ன ஜன்னல்கள், நீளமான ரொட்டியில் காளானும் சீஸும் போட்டுச் சுட்டுக் கொடுக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குமேல் போனால் நிற்க இடம் இருக்காது. அங்கே ஜெஸாக் நின்றது சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மொழிப்பித்தன்:

நன்றி. இரண்டாமவர் ‘ஜெஜிமியெஷெக்’. பிக்பாக்கெட். சொல்லுக்குள் ‘பை அறுப்பவன்’. இடுப்பில் காசுப்பையைக் கட்டித் தொங்கவிட்ட காலத்தில் கயிற்றை அறுத்தவன். ஆங்கிலத்திலும் ‘கட்பர்ஸ்’ என்று அப்படியே இருக்கிறது. சிற்பி, கசாப்புக்காரர், ஜேப்படித் திருடன் மூவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

நல்லூர் அக்கா, லண்டன்:

என்ன குடும்பமடா சாமி.

அடிவரித் தம்பி, போர் பற்றிய படம் என்றால் ‘புட்சர்ஸ் பில்’ என்றும் ஒரு தொடர் வரக்கூடும். இறைச்சிக்கடை ரசீது இல்லை; சண்டை முடிஞ்ச பிறகு செத்தவர், காயப்பட்டவர் கணக்கு. தவறியும் ரசீது என்று போட்டுவிடாதேங்கோ. அமெரிக்கப் படம் என்றால் இன்னொரு கண்ணி: பழைய ரயில்களில் பேப்பரும் மிட்டாயும் விற்ற பையன்களை ‘நியூஸ் புட்சர்’ என்பார்கள். எடிசன் சின்ன வயதில் அந்த வேலைதான் பார்த்தவர். அதிலே இறைச்சி ஒரு துண்டும் இல்லை.

பட்டப்பெயராக புட்சர் ஆங்கிலத்துக்குப் பழசு. 1746இல் கலோடன் போரில் ஸ்கொட்லாந்துக் கிளர்ச்சிக்காரரைத் தோற்கடித்து, காயப்பட்டுக் கிடந்தவரையும் விடாமல் கொன்ற கம்பர்லாண்ட் பிரபுவுக்கு அதுதான் பெயர்.

வ்ரோத்ஸ்வாஃப் வாணி:

ஜெஷ்னிக்குக்கும் ஒரு செல்லமான பக்கம் உண்டு. தெற்கே பியெஷ்சாடி மலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம், இரண்டிரண்டு பேராக ஓட வேண்டும். பெயர் ‘ஜெஷ்னிக்கின் ஓட்டம்’. என்னோடு வேலை பார்ப்பவர் ஓடிவிட்டு வந்து ஒரு வாரம் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கினார். பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

அடிவரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. முடிவெடுத்துவிட்டேன்.

பாட்டியின் அப்பா: ‘எங்க அப்பா கறி பதம் பண்ணுற தொழில் பார்த்தார்’. அடுத்த காட்சியில் புகைக்கூண்டு வருகிறது, அதனால் புரிந்துவிடும். டாக்டர்: ‘அவன் டாக்டரா, கசாப்புக்காரனா?’ பேரன் கோபிப்பார், ஆனால் பேசுபவர் ஜெஷ்னிக் என்றுதான் கத்துகிறார். பேச்சை மாற்ற எனக்கு உரிமை இல்லை.

அதிகாரி குச்சேராதான். ‘வார்சாவின் எமன்’ என்று போட நினைக்கிறேன். நாக்கில் நன்றாக உட்காருகிறது.

கறிக்கடைப் பேரன்:

டாக்டர் விஷயத்தில் விட்டுத் தர்றேன். அவன் காலை எங்கே வெட்டினான்னு மட்டும் பாருங்க, மூட்டுக்கு மேலேன்னா நிச்சயம் கசாப்புக்காரன் இல்ல.

மொழிப்பித்தன்:

எமன் வேண்டாம் தம்பி. நம் மரபில் எமன் தர்மராஜன். கணக்குப் பார்த்து, நேரம் வந்த உயிரை மட்டும் எடுப்பவன். தெருவில் போனவர்களைப் பிடித்துச் சுட்டவனுக்கு அந்த மரியாதை எதற்கு?

கிராகோவ் குமரன்:

எனக்கும் எமன் ஒட்டவில்லை, ஆனால் காரணம் வேறு. காத் மனுஷன். யாரோ ஆணை போட, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்பவன். அந்த அரசாங்க வாடை வர வேண்டும். ‘கொலைத் தண்டனைக்காரன்’ என்றால் நீளமாகிவிடும். அடிவரியில் எத்தனை எழுத்து தாங்கும்?

அடிவரிக்காரன்:

அந்த வரி திரையில் நிற்பது இரண்டு நொடிதான். நீளமாக எதுவும் போட முடியாது.

நல்லூர் அக்கா, லண்டன்:

‘வார்சாவின் கொலைகாரன்’ என்று விடுங்கோவன். பட்டப்பெயரின் அழகு போகும். போகட்டும், அவனுக்கு என்ன அழகு.

அடிவரிக்காரன்:

சரி அக்கா. கொலைகாரன் என்றே போடுகிறேன். காஷான்காவை யாராவது தமிழில் எப்படி எழுதுவீர்கள் என்று சொல்லுங்கள், பாட்டி அடுத்து அதைத்தான் சமைக்கப் போகிறார்.

கறிக்கடைப் பேரன்:

ரத்தக் குடல். யோசிக்கவே வேணாம்.